இருபத்தி நாலு கையெழுத்து

வால்பரைசோ, 9 ஆகஸ்ட் 1994

அடியே ஸுனில்டா,

உக்காந்து படி. எனக்கு வேலை கிடைச்சிருச்சு! ஊரார் அழுக்குத்துணி துவைக்கிறது இல்லடி, நிஜமான வேலை. எங்க மேட்டுத்தெருவுல மாதாகோயில்காரங்க நடத்துற பாலர் பள்ளி இருக்கு, அங்க சமையல். நேத்து முதல் நாள். அறுபது பிள்ளைங்களுக்கு ஒரே அண்டாவுல பருப்பு சூப் வெச்சேன். ஒரு வாண்டு ஓடிவந்து என் பாவாடையைப் பிடிச்சு இழுத்து, "இன்னும் வேணும்"னுச்சு. பாவாடையை யார் தொட்டாலும் எனக்கு இன்னமும் திடுக்குனுதான் இருக்கு. அதுக்குள்ள ஆறு சட்டையும் ஒரு கம்பளிக் கோட்டும் ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் கடைவாசல்ல மாட்டினவ இல்லையா நான்.

ஒன்பது வருஷம் ஆச்சு. ஜெயில்ல நீ மேல் கட்டில்ல, நான் கீழ் கட்டில்ல, பதினாலு மாசம். அதையெல்லாம் இப்ப எதுக்கு எழுதறேன்னா, விஷயம் அங்கதான் வந்து நிக்குது.

இப்ப யாரும் என்னை எதுவும் கேக்கல. ஏற்கனவே இருந்த சமையல்காரிக்குப் பிரசவம்னு அவசரத்துக்கு எடுத்தாங்க. தலைமை ஆசிரியை பேரு சென்யோரா எடெல்மிரா. என் கையைப் பார்த்தாங்க, "வெங்காயம் உரிப்பியா?"ன்னாங்க, "நாளைக்கே வா"ன்னுட்டாங்க. ஆனா மார்ச்சுல நிரந்தரமா ஆள் போடுவாங்களாம். அப்போ பதிவு அலுவலகத்துலேர்ந்து குற்றப் பின்னணி இல்லைன்னு காகிதம் கொண்டு வரணும்.

நான்தான் தண்டனை முடிஞ்சவங்களுக்கான ஆபீசுக்கு மாசாமாசம் போய்க் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேனே! ரெண்டு வருஷம், இருபத்தி நாலு கையெழுத்து, அப்புறம் பழசை அழிச்சிருவாங்க. போன வியாழன் போட்டது பதினெட்டாவது. பிப்ரவரியில முடிஞ்சிரும், மார்ச்சுல காகிதம் வெள்ளையா வரும். கணக்கு சரியாத்தான் இருக்கு.

ஆனா அந்த ஆபீசு மாசத்துல முதல் வியாழக்கிழமை காலையில மட்டும்தான் எங்களைப் பார்க்கும். வரிசையில நின்னு முடிக்க மதியம் ஆயிரும். அந்த நேரத்துல நான் அடுப்புக்கு முன்னாடி நிக்கணும். லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? ஒரு மாசம் தவறினா என்ன ஆகும்னு அந்த ஜன்னல்காரியைக் கேட்டேன். "தவறிப் பாரு, தெரியும்"னா. எனக்கு முன்னாடி நின்ன பொம்பளை இருபதுல கோட்டை விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து போட்டுக்கிட்டிருக்கா.

சீக்கிரம் எழுது.

மிரேயா


காஸ்த்ரோ, 20 ஆகஸ்ட் 1994

மிரேயா,

முதல்ல சந்தோஷம். ரெண்டாவது, வாயை மூடிக்க.

இதுக்குப் போய் ரெண்டு பக்கம் எழுதியிருக்கே! பல்லுவலின்னு சொல்லு. மாசத்துக்கு ஒரு தடவை பல்லு டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லு. உலகத்துல எந்த முதலாளியும் இன்னொருத்தர் வாயைத் திறந்து பார்க்க மாட்டாங்க.

என்னைப் பாரு. ஆறு வருஷமா இந்தத் தீவுல இருக்கேன். சால்மன் ஆலையில ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு மீனுக்கு முள் எடுக்குறேன். எவனும் காகிதம் கேக்கல, நானும் காட்டல. அபெலார்டோ என்னைக் கட்டினப்போகூட, "சந்தியாகோவுல என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"ன்னு ஒரு தடவைதான் கேட்டான். கன்னியாஸ்திரீங்க நடத்துற தையல் பள்ளியில தங்கியிருந்தேன்னு சொன்னேன். முடிஞ்சது. உன்னையும் தையல் பள்ளித் தோழின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். இருபது வருஷமாப் படகு செய்யற ஆளு, மரத்துல விரிசல் எங்கேன்னு தட்டிப் பார்த்தே சொல்லிருவான். என்னைத் தட்டிப் பார்க்கத் தோணல, நல்ல மனுஷன்.

அதனாலதான் கடிதத்தை ஆலை முகவரிக்கே போடுன்னு ஒவ்வொரு தடவையும் கெஞ்சறேன். மறந்து தொலைச்சிராதே.

மழை நிக்கவே மாட்டேங்குது. பல்லு. ஞாபகம் வெச்சுக்க.

ஸுனில்டா


வால்பரைசோ, 16 அக்டோபர் 1994

ஸுனில்டா,

பாவி, உன் பேச்சைக் கேட்டு எனக்கு இப்ப ஒரு பல்லு இல்ல.

சிரிக்காதே. செப்டம்பர் வியாழன் பல்லுவலின்னேன், கன்னத்துல துணியைக் கட்டிக்கிட்டுப் போனேன், பத்தொன்பது போட்டேன். அக்டோபர்லயும் அதையே சொன்னேன், இருபது போட்டாச்சு. ஆனா சென்யோரா எடெல்மிரா சும்மா விடற ஆளா? "பாவம், ரெண்டு மாசமா வலி தாங்கிக்கிட்டு அடுப்புல வேகுறியே! என் அக்கா பையன் ராமிரோ பல்லு டாக்டர். சனிக்கிழமை காசு வாங்காமப் பார்ப்பான்"ன்னு கையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நாற்காலிக்குப் பக்கத்துலயே நின்னாங்கடி, என் கையைப் பிடிச்சுக்கிட்டு!

அந்தப் பையன் விளக்கைப் போட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தான். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு"ன்னான். சென்யோரா என்னைப் பார்த்தாங்க. நான் என்ன பண்ணுவேன்? கடைவாய்ப் பல்லைக் காட்டி, "இதுதான், உயிர் போகுது"ன்னேன். "சின்னச் சொத்தைகூட இல்லையே"ன்னான். "பிடுங்கிருங்க டாக்டர், பிடுங்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்"னு அழுதேன். அழுகை மட்டும் நிஜம். பிடுங்கிட்டான். வேர் ரெண்டும் முழுசா, ஒரு கறை இல்லாம வந்துச்சு. அதை அவன் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு டப்பாவுல போட்டான்.

வழியெல்லாம் சென்யோரா, "இனிமே நிம்மதி, இனிமே லீவே தேவைப்படாது பாரு"ன்னு முதுகைத் தடவிக்கிட்டே வந்தாங்க.

நவம்பர் மூணாம் தேதி வியாழக்கிழமை. என்கிட்ட மிச்சம் இருக்கிற பல்லையெல்லாம் கொடுக்க முடியாது.

மிரேயா


காஸ்த்ரோ, 22 அக்டோபர் 1994

மிரேயா,

ஆலையில நடுக்கூடத்துல உன் கடிதத்தைப் படிச்சுட்டு, மேஸ்திரி வந்து அதட்டுற அளவுக்குச் சிரிச்சேன். அப்புறம் கழுவுற இடத்துக்குப் போய் அழுதேன். நல்ல பல்லைப் போய்க் கொடுத்துட்டு வந்திருக்கியே முட்டாள்.

சரி. இப்ப ஒரு அத்தையைக் கொல்லு. தூரத்து ஊர் அத்தை. அடக்கத்துக்குப் போகணும்னு சொன்னா யாரும் கூட வர மாட்டாங்க. டிசம்பர்ல அவ சொத்து விஷயமா வக்கீல் கூப்பிட்டார்னு சொல்லு, ஜனவரியில நினைவுப் பூசைன்னு சொல்லு. ஒரே அத்தையில மூணு வியாழக்கிழமை தேறும்.

அபெலார்டோ உன்னைக் கேட்டான். "அந்த மிரேயா ஒரு தடவை இங்க வரட்டுமே, குழி வெட்டி சிப்பி, கறி, உருளைக்கிழங்கு எல்லாம் வெச்சு சுட்டுப் போடறேன்"ன்னான். வருவா வருவான்னு சொல்லி வெச்சேன்.

ஸுனில்டா


வால்பரைசோ, 13 நவம்பர் 1994

ஸுனில்டா,

அத்தை செத்தா. பேரு எயுடோசியா. கேட்ட உடனே வாயில வந்த பேரு. இருபத்தொண்ணாவது கையெழுத்தும் போட்டாச்சு.

ஆனா கேளு. சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டுறாங்க. சென்யோரா எடெல்மிரா, ரெண்டு ஆசிரியைங்க, கையில வெள்ளைப்பூ, ஒரு கேக்கு. துக்கம் விசாரிக்க அந்த மேடு முழுக்க ஏறி மூச்சு வாங்க வந்திருக்காங்க. என் ஒத்தை அறையில கட்டில் மேல உக்காந்து எயுடோசியா ஆத்மாவுக்கு ஜெபமாலை சொன்னாங்க. நானும் சொன்னேன். "எப்படி இருந்தாங்க கடைசியில?"ன்னு ஒரு ஆசிரியை கேட்டா. "தூக்கத்துலயே போயிட்டா"ன்னேன். "குடுத்து வெச்சவங்க"ன்னு எல்லாரும் தலையாட்டினாங்க.

அதோட போச்சா? திங்கக்கிழமைலேர்ந்து அறுபது பிள்ளைங்களும் சாப்பிடறதுக்கு முன்னாடி கையைக் கூப்பிக்கிட்டு, "மிரேயா டீச்சரோட எயுடோசியா அத்தை மோட்சம் போகணும்"னு ஒரே குரல்ல சொல்லுதுங்க. என்னை டீச்சர்னு கூப்பிடுதுங்க ஸுனி. நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறேன். ஒரு பையன் முந்தாநாள், "அத்தை இப்ப எங்க வரைக்கும் போயிருப்பாங்க?"ன்னு கேட்டான்.

என்னால முடியாது. கடைத் துணியைத் திருடினப்போகூட எனக்கு இப்படி உறுத்தல. நான் சென்யோராகிட்ட சொல்லப்போறேன். அவங்க அவ்வளவு நல்லவங்க. இன்னும் மூணே கையெழுத்துதான், புரிஞ்சுக்குவாங்க.

மிரேயா


காஸ்த்ரோ, 19 நவம்பர் 1994

சொல்லாதே.

நல்லவங்கன்னு சொல்றியே, அதனாலதான் சொல்லாதே. கெட்டவகிட்ட சொன்னா அவளை நீ திட்டியாவது தீர்த்துக்கலாம். மூணு கையெழுத்துக்கு இன்னும் ரெண்டு பொய் போதும். பிப்ரவரியில பள்ளிக்கூடமே லீவு. ரெண்டே ரெண்டு பொய்! அதைக்கூடச் சுமக்க முடியாதவ எதுக்குடி வேலைக்குப் போனே?

பிள்ளைங்க வேண்டினா வேண்டட்டும். யாராவது ஒரு எயுடோசியா எங்கயாவது செத்திருப்பா, அவளுக்குப் போய்ச் சேரும்.

நீ மட்டும் சொன்னேன்னு வை, எனக்கு எழுதாதே. நிஜமாத்தான் சொல்றேன். ஒரு தடவை திறந்த வாய் அப்புறம் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாது.

ஸுனில்டா


வால்பரைசோ, 4 டிசம்பர் 1994

ஸுனில்டா,

எழுதாதேன்னே, எழுதறேன். சொல்லிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைங்க தூங்குற நேரம். சென்யோரா எனக்கு ஒத்தாசையா பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்தாங்க. கதவைச் சாத்திட்டு வந்து, "சென்யோரா, எயுடோசியா சாகல. அப்படி ஒரு அத்தையே இல்ல"ன்னேன். "அப்போ நாங்க கொண்டாந்த பூ?"ன்னாங்க. முதல்ல அதான் கேட்டாங்க, பாவம். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். கடை, கோட்டு, பதினாலு மாசம், வியாழக்கிழமை. உன் பேரைச் சொல்லல, பயப்படாதே.

"அப்போ அந்தப் பல்லு?"ன்னாங்க.

"நல்ல பல்லுதான் சென்யோரா."

அதைக் கேட்டதும் அழுதுட்டாங்க. பட்டாணித் தோலோட என் கையைப் பிடிச்சு, "பைத்தியக்காரி, என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இது உனக்கும் எனக்கும் நடுவுல மட்டும் இருக்கட்டும். வியாழக்கிழமை நீ போய்ட்டு வா, அண்டாவை நான் பார்த்துக்கறேன்"ன்னாங்க. நெஜமாவே பார்த்துக்கிட்டாங்க. சூப்புல கல் கிடந்துச்சாம், பிள்ளைங்க சொல்லுச்சு.

இருபத்திரெண்டு ஆச்சு. முதல் தடவையா அந்த வரிசையில நிமிர்ந்து நின்னேன். நீ சொன்னது எல்லாம் தப்புடி. நான் எவ்வளவு லேசா இருக்கேன் தெரியுமா? கோவம் தீர்ந்ததும் எழுது.

மிரேயா


வால்பரைசோ, 15 ஜனவரி 1995

ஸுனில்டா,

ஆறு வாரமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. சரி, நீ சொன்ன மாதிரியே இரு. எனக்கு வேற யார்கிட்டயும் இதைச் சொல்ல முடியாது, அதனால எழுதறேன்.

ஒண்ணும் பெருசா நடக்கல. நடந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். மளிகை அறைச் சாவி என்கிட்ட இருக்கும். கிறிஸ்துமஸ் முடிஞ்சு வந்தப்போ சென்யோரா அதை வாங்கிக்கிட்டாங்க. "உன் நல்லதுக்குத்தான் மிரேயா. நாளைக்கு ஏதாவது குறைஞ்சா உன்னை யாரும் குத்தம் சொல்லக் கூடாது பாரு"ன்னாங்க. சரின்னேன். எண்ணெய் வேணும்னா நான் போய்க் கேக்கணும், அவங்க வகுப்பை விட்டுட்டு வந்து திறந்து தரணும். ஆசிரியைங்க பையெல்லாம் சமையலறை ஆணியில மாட்டியிருக்கும். இப்ப அதுக்குன்னு ஆபீஸ்ல ஒரு பீரோ. அதுவும் என் நல்லதுக்குத்தான்.

போன வாரம் ஒரு குழந்தையோட காதுத் தோடு காணாமப் போச்சு. எல்லாரும் குனிஞ்சு தேடினோம். அப்போ சென்யோரா என்னைப் பார்த்தாங்க. ஒரு நொடிதான். உடனே அவங்களுக்கே வெக்கமாகிப் பார்வையைத் திருப்பிக்கிட்டாங்க. தோடு அந்தக் குழந்தை ஷூவுக்குள்ளயே இருந்துச்சு. சாயங்காலம் அவங்க எனக்குன்னு பீச் பழம் கொண்டாந்து கொடுத்தாங்க, ஒரு பை நிறைய. அதை வாங்கிக்கிட்டு நன்றி சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

இருபத்தி மூணு போட்டாச்சு.

மிரேயா


காஸ்த்ரோ, 28 ஜனவரி 1995

அடி மிரேயா,

உன்கிட்ட கோவிச்சுக்கிட்டு எனக்குத்தான் சோறு இறங்கல. விடு.

பீச் பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை மூஞ்சியில எறியணும்போல இருக்கு எனக்கு. ஆனா பொறுத்துக்க. ஒரே ஒரு கையெழுத்து. அது கிடைச்சப்புறம் நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. சர்க்காரே மறந்துட்டேன்னு எழுதித் தரப்போறான், அப்புறம் அவ யாரு?

நானும் உன்னை மாதிரி வரிசையில நின்னிருக்கலாம்னு சில நாள் தோணும். இங்க காஸ்த்ரோவுல அந்த ஆபீசு இருக்கிறதே அபெலார்டோவோட தம்பி கடைக்கு எதிர்ல. நின்னா அன்னிக்கே தீவு முழுக்கத் தெரியும்.

முடிஞ்ச உடனே எழுது.

ஸுனில்டா


வால்பரைசோ, 12 மார்ச் 1995

ஸுனில்டா,

காகிதம் வந்துச்சு. என் பேரு, பிறந்த தேதி, அதுக்குக் கீழ "பதிவுகள் ஏதும் இல்லை"ன்னு அடிச்சு, முத்திரை. பதிவு அலுவலக வாசல்ல நின்னு நாலு தடவை படிச்சேன். இஸ்திரி போட்ட ரவிக்கையைப் போட்டுக்கிட்டு அன்னிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சென்யோரா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. "எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா"ன்னாங்க. அப்புறம் கதவைச் சாத்தினாங்க.

நிரந்தரமா ஆள் எடுக்கணும்னா என் காகிதம் மட்டும் பத்தாதாம். தலைமை ஆசிரியையும் ஒண்ணு கையெழுத்துப் போட்டு மாதாகோயிலுக்குத் தரணுமாம். "நான் அறிந்தவரையில் இவர் எந்தக் குற்றத்திலும் சம்பந்தப்பட்டவர் இல்லை"ன்னு. அதை மேசையில வெச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் தூங்கலைன்னாங்க. "நீ சொல்லாம இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன் மிரேயா. இப்ப நான் அறிஞ்சவளாயிட்டேனே"ன்னாங்க.

"அதான் அழிச்சுட்டாங்களே சென்யோரா"ன்னேன்.

"அவங்க அழிச்சுட்டாங்க. நான் எப்படி அழிக்கறது? நீயே மனசு கேக்காம வந்து உண்மையைச் சொன்னவ. என்னைப் பொய் எழுதச் சொல்லுவியா?"

சொல்லு ஸுனி, நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? எழுதுங்கன்னு காலைப் பிடிக்கலாம்னு நினைச்சேன். அவங்க அழுதுக்கிட்டிருந்தாங்க. அழற பொம்பளை காலை எப்படிப் பிடிக்கறது? நான்தான் தண்ணி எடுத்துக் கொடுத்துத் தேத்திட்டு வந்தேன். புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. அண்டா எங்க இருக்கு, அடுப்பு எந்தப் பக்கம் சரியா எரியாதுன்னு எல்லாம் அவளுக்குக் காட்டிக் கொடுத்துட்டு வந்தேன். பிள்ளைங்க தூங்கிக்கிட்டிருந்துச்சுங்க, அது ஒரு வகையில நல்லது.

மறுபடி துணி துவைக்க என்னால முடியாது. இந்த மேட்டுத்தெருவுல தலைநிமிர்ந்து நடக்கவும் முடியல. உங்க ஆலையில ஆள் எடுக்கறாங்கன்னு முன்ன ஒரு தடவை எழுதியிருந்தே. நான் அங்க வந்துரட்டுமா? முள் எடுக்கக் கத்துக்கறேன். ஒரு மூலை போதும். உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா? பஸ் எந்தெந்தக் கிழமைன்னு விசாரிச்சுட்டேன். நீ வான்னு ஒரு வார்த்தை எழுதினா போதும்.

மிரேயா


காஸ்த்ரோ, 29 மார்ச் 1995

மிரேயா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆச்சு. முதல்ல அந்த சென்யோராவை நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதினேன். எழுதி முடிச்சு, அடுத்து உனக்கு என்ன பதில் எழுதணும்னு யோசிச்சேன். அப்புறம் அந்த நாலு பக்கத்தையும் கிழிச்சுப் போட்டேன். அவளைத் திட்ட எனக்கு வாய் இல்ல.

வராதே.

ஆலையில ஆள் எடுக்கறாங்க, உண்மைதான். காகிதம் கேக்க மாட்டாங்க, அதுவும் உண்மை. அபெலார்டோகிட்ட, மிரேயாவுக்கு இங்க ஒரு வேலை கிடைச்சா எப்படி இருக்கும்னு சும்மா வாயை விட்டேன். அவன் அந்த நிமிஷமே எழுந்து பின்கட்டுக்குப் போய் அடி அளக்க ஆரம்பிச்சுட்டான். "ஒரு அறை இழுத்துக் கட்டிரலாம், பலகை இருக்கு. ரெண்டு பேரும் தையல் பள்ளிக் கதையெல்லாம் பேசிக்கிட்டு இருங்க, நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்"ன்னான்.

நீ வாயைத் திறக்க மாட்டே, எனக்குத் தெரியும். ஆனா நீ இங்க இருந்தா என்னால இருக்க முடியாது. சாப்பாட்டு மேசையில எதிர்ல நீ உக்காந்திருப்பே. அவன் ஏதாவது கேப்பான். நீ என்னைப் பார்ப்பே, நான் உன்னைப் பார்ப்பேன். அது போதும், அவன் கண்டுபிடிச்சிருவான். என்னை அறிஞ்ச ஆளு இந்த உலகத்துல நீ ஒருத்திதான். அந்த ஒருத்தி தூரத்துல இருக்கிறதாலதான் நான் இங்க வாழறேன். இதுதான் நிஜம்.

என்னைத் திட்டணும்னா திட்டு. எழுதணும்னா எழுது, ஆலை முகவரிக்கு. எழுதலைன்னாலும் நான் கேக்க மாட்டேன்.

அபெலார்டோ நேத்து பலகையை எடுத்து இழைக்க ஆரம்பிச்சுட்டான். வேற வழி தெரியல. உனக்குப் பாலர் பள்ளியிலயே நிரந்தரமாயிருச்சு, அதனால வரலைன்னு சொல்லிட்டேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். உளியைக் கீழ வெச்சுட்டு ஒயின் எடுத்துக்கிட்டு வந்து உன் பேரைச் சொல்லிக் குடிச்சான். நானும் குடிச்சேன்.

ஸுனில்டா